கிரியாட்டினின் சரியாக இருந்தும் பகலெல்லாம் தூக்கம்

என் கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "கிரியாட்டினின் எவ்வளவு இருக்கிறது?" என்பதுதான். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு அது. 1.2 என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் நிம்மதி தெரியும். எங்களுக்கும் அந்த எண்தான் நிம்மதி. ஆனால் அது சரியாக இருந்த அதே மாதங்களில்தான் அவர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் அயர்ந்தார், பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனார், மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பாதி வாக்கியத்தில் குரல் மங்கித் தலை சாய்ந்துவிடுவார். இதைப் பற்றி எங்களிடம் எவரும் கேட்கவில்லை. சொன்னாலும், "பெரிய ஆபரேஷன் ஆன உடம்பு, தூங்கினால் நல்லதுதானே" என்ற பதிலே வந்தது. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவர்களின் பகல் தூக்கத்துக்குக் கண்டுபிடிக்கக்கூடிய காரணங்கள் உண்டு, அவற்றில் பலவற்றைச் சரிசெய்யவும் முடியும் என்பதை நாங்கள் தாமதமாகத்தான் அறிந்துகொண்டோம். நான் மருத்துவர் இல்லை. பக்கத்தில் படுத்திருந்து பார்த்தவள் என்ற முறையிலும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

டயாலிசிஸ் காலத்து இரவுகளைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தொடங்க முடியாது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் இயந்திரத்தோடு இருந்துவிட்டு வருகிறவர் அன்று முழுவதும் துவண்டு கிடப்பார். இரவில் தூக்கம் வராது. படுத்த சிறிது நேரத்தில் கால் குடைச்சல் தொடங்கிவிடும். கெண்டைக்கால் சதைக்குள் ஏதோ ஊர்வது போலிருக்கிறது என்பார். எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் மறுபடியும் வரும். நான் காலை அமுக்கிவிடுவேன், அத்தை, அதாவது அவருடைய அம்மா, தைலம் தேய்த்துவிடுவார், எதற்கும் அது கேட்காது. இது நரம்புத் தளர்ச்சி இல்லை, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அதிகம் வருகிற ஒரு தனித் தொல்லை, இரும்புச்சத்துக் குறைவும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் ஒருவர்தான் எங்களுக்கு விளக்கினார். தோல் நமைச்சல் வேறு. இரவு முழுவதும் நடந்தும் சொறிந்தும் கழித்துவிட்டு, விடியும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார்.

அத்தை தம் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தார். அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்குள் அந்தக் கால் குடைச்சல் அடையாளம் இல்லாமல் போய்விட்டது. மாற்றுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் பலருக்கு இது குறைவதாகவோ மறைவதாகவோ மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்த அறுவை சிகிச்சை தந்த முதல் பரிசாகத் தோன்றியது அதுதான்; சிறுநீர் பிரிந்ததைக்கூட இரண்டாவதாகவே வைப்பேன். இரு கால்களையும் நீட்டி, அசையாமல் படுத்திருந்த அவரைப் பார்க்க அத்தனை ஆறுதலாக இருந்தது.

ஆனால் தொடக்க மாதங்களில் தூக்கத்தைக் கெடுப்பதற்கு வேறு காரணங்கள் வந்து சேர்ந்தன. முதலாவது ஸ்டீராய்டு. அறுவை சிகிச்சையின்போது நரம்பு வழியாக அதிக அளவில் கொடுத்து, பிறகு பிரட்னிசலோன் மாத்திரையாக மாற்றி, 20 மில்லிகிராமில் தொடங்கி மாதங்கள் செல்லச் செல்ல 5 மில்லிகிராம் வரை குறைத்தார்கள். அளவு கூடுதலாக இருந்த நாட்களில் நள்ளிரவில் விழித்துக்கொண்டு, பசிக்கிறது என்று சமையலறைக்குப் போவார். காரணமில்லாத உற்சாகமும் காரணமில்லாத கோபமும் மாறி மாறி வரும். அந்த மாத்திரையைக் காலை உணவுக்குப் பிறகு ஒரே வேளையாகப் போடச் சொல்வதற்கு, மாலையில் போட்டால் இரவுத் தூக்கம் கெடும் என்பதும் ஒரு காரணம். இரண்டாவது டாக்ரோலிமஸ். ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984இல் பிரித்தெடுக்கப்பட்ட மருந்து அது. உடலில் வைத்த சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இன்று உலகெங்கும் காத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதுதான். அதன் பக்கவிளைவுகளில் கைநடுக்கம், தலைவலி, தூக்கமின்மை மூன்றும் உண்டு. காசோலையில் கையெழுத்துப் போடும்போது அவருடைய பேனா நுனி நடுங்குவதைப் பார்த்து வங்கி ஊழியர் மறுபடியும் போடச் சொன்னதுண்டு. அவருக்குக் கொடுத்திருப்பது 12 மணி நேர இடைவெளியில் போட வேண்டிய வகை என்பதால், காலை 9, இரவு 9 என்ற இரண்டு நேரங்களுக்குள் எங்கள் வீட்டு வாழ்க்கை முழுவதும் அடங்கிப்போனது. மருந்தின் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்குக் காலை மாத்திரையைப் போடுவதற்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டும். அதற்காக விடியுமுன் தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால், பரிசோதனைக்கு முந்தைய இரவு என்பது எங்களுக்குப் பாதி இரவுதான்.

மூன்றாவது, சிறுநீர். டயாலிசிஸில் இருந்தபோது ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் கூடுதலாகத் தண்ணீர் குடித்தாலே குற்றம்; இப்போது நாளுக்கு 3 லிட்டர் குடிக்கச் சொன்னார்கள். நீண்ட காலம் சிறுநீரே போகாமல் சுருங்கிக் கிடந்த சிறுநீர்ப்பை, புதிதாக ஊறும் நீரைத் தாங்கப் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். கட்டிலுக்கு அருகில் அளவுக் குவளையும் குறிப்பேடும் வைத்து, ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி என்று எழுதிவைத்தோம். தண்ணீரில் பெரும்பகுதியை மாலைக்குள் குடித்து முடித்துவிடுமாறு மருத்துவர் சொன்ன பிறகு எழுந்திருப்பது ஓரளவு குறைந்தது, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை.

இவையெல்லாம் முதல் ஆறு மாதத்துக் கதை. ஸ்டீராய்டு குறைந்தது, நடுக்கம் குறைந்தது, இரவில் நன்றாகத் தூங்குவது போலவே தெரிந்தது. அதன் பிறகுதான் பகல் தூக்கம் அதிகமானது. இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவரிடம் போகும்போது இரண்டையும் கலந்து சொன்னால் அவருக்கும் பிடி கிடைக்காது. உடம்பில் தெம்பில்லை, மாடிப்படி ஏறினால் உட்காரத் தோன்றுகிறது, ஆனால் படுத்தால் தூக்கம் வருவதில்லை என்பது அசதி. இரத்தசோகை, மனச்சோர்வு, தசை வலுக் குறைவு போன்றவை அதற்குக் காரணமாகலாம். உட்கார்ந்த இடத்தில், பேச்சின் நடுவில், விரும்பாமலேயே கண் மூடிப்போவது வேறு. அவருக்கு இருந்தது இரண்டாவது வகை. சனிக்கிழமை பெருமாள் கோவில் வரை நடந்து போய் வருவார், மூச்சு வாங்காது. திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் தூங்கிவிடுவார்.

அந்தக் காலத்தில் அதிகம் வேதனைப்பட்டவர் அத்தை. மகன் பகலில் தூங்கும்போதெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் என்னிடம், "ஏம்மா, நான் குடுத்தது வயசான கிட்னிதானே, அது பத்தலையோ?" என்று கேட்டார். அறுபது வயதில் தம் உடலைக் கிழித்துக் கொடுத்த ஒரு தாய் அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? பரிசோதனை முடிவுகளை எடுத்துக் காட்டி, உங்கள் சிறுநீரகம் மிக நன்றாக வேலை செய்கிறது என்று விளக்கினேன். அவர் தலையாட்டினாரே தவிர நம்பியதாகத் தெரியவில்லை. கொடுத்தவர்களின் நலம் என்று பேசும்போது அவர்களுடைய இரத்த அழுத்தத்தையும் தழும்பையும் பற்றிப் பேசுகிறோம். வாங்கியவர் சோர்ந்து கிடப்பதைக் காணும்போது அவர்கள் மனதில் எழும் இந்தக் கேள்வியையும் யாராவது கேட்டு, தக்க பதில் சொல்ல வேண்டும். பிறகு எங்கள் சிறுநீரக மருத்துவர், நான் கேட்டுக்கொண்டதன் பேரில், அத்தையை எதிரே உட்காரவைத்து இதை விளக்கிச் சொன்னார். அவர் சொன்ன பிறகுதான் அத்தை சமாதானமானார்.

தூக்கத்தைப் பற்றி நாங்கள் வற்புறுத்திச் சொன்னபோது அந்த மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்தார். எப்வொர்த் தூக்க அளவுகோல் என்று அதற்குப் பெயர். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து எப்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய முர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991இல் வெளியிட்டது. உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் பயணியாகப் போகும்போது, பிற்பகலில் படுத்திருக்கும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது, மதுவின்றி மதிய உணவு உண்டபின் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, போக்குவரத்தில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது என்று எட்டுச் சூழல்கள். ஒவ்வொன்றிலும் கண் அயர எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 24. 10க்கு மேல் போனால் பகல் தூக்கம் இயல்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். அவர் தமக்குத் தாமே போட்டது பத்துக்குச் சற்றே குறைவாக வந்தது. அதே தாளின் மறுபிரதியில் நான் போட்டது பத்தை நன்றாகவே தாண்டியது. மருத்துவர் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, என்னுடையதை மேலே வைத்துக்கொண்டார். தூங்குகிறவருக்குத் தாம் தூங்கியது தெரிவதில்லை, ஆகவே வீட்டில் இருப்பவரையும் சேர்த்துக் கேட்பது வழக்கம் என்றார். ஆகவே உங்கள் வீட்டிலும் இதை இருவர் தனித்தனியாக நிரப்புங்கள்.

அதன் பிறகு காரணத்தைத் தேடும் வேலை தொடங்கியது. ஹீமோகுளோபின் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஸ்டீராய்டாலும் டாக்ரோலிமஸாலும் புதிதாகச் சர்க்கரை நோய் வருவதுண்டு, அது வந்தால் இரவில் சிறுநீர் கூடித் தூக்கம் கெடும் என்பதால் சர்க்கரையைப் பார்த்தார்கள். எல்லையில் இருந்தது, தாண்டவில்லை. தைராய்டு, மக்னீசியம் இரண்டையும் பார்த்தார்கள். பிறகு மருந்துப் பட்டியலை வரிவரியாகப் படித்து, இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்திருந்த பீட்டா பிளாக்கர் சிலருக்கு மந்தமாக்கும் என்று அளவை மாற்றினார்கள். சளிக்காக நாங்கள் அவ்வப்போது கடையில் வாங்கிக் கொடுத்துவந்த செட்ரிசினை நிறுத்தச் சொன்னார்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று தனியாக உட்காரவைத்துப் பேசினார்கள். இந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். எதையும் ஊகிக்காமல், எளிதில் பார்க்கக்கூடியவற்றை முதலில் பார்த்து ஒதுக்கினார்கள்.

கடைசியாக என் பக்கம் திரும்பி, "அம்மா, இவர் குறட்டை விடுவாரா?" என்று கேட்டார் மருத்துவர். விடுவார், ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தக் குறட்டையின் தன்மை மாறியிருந்தது. ஏறிக்கொண்டே போகும் சத்தம் திடீரென்று நின்றுவிடும். மார்பு அசையும், ஆனால் மூக்கிலோ வாயிலோ காற்று வராது. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கி இருபது, முப்பது என்று போகும்போது, நீரில் மூழ்கியவர் மேலே வருவது போல ஒரு பெருமூச்சோடு உடம்பு உலுக்கிக்கொண்டு மறுபடி மூச்சு வரும். அவர் விழிக்கவே மாட்டார். காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்பார். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுவதால் வரும் தூக்க மூச்சுத்தடை இது. ஒவ்வொரு முறை அடைபடும்போதும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, மூளை ஒரு நொடி விழித்துக்கொண்டு மூச்சை மீட்கிறது. அதனால் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் ஆழ்ந்த தூக்கம் கிடைப்பதில்லை.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் என்றும், உடலில் தேங்கும் நீர் படுக்கும்போது கழுத்துப் பகுதிக்கு ஏறுவது அதற்கு ஒரு காரணம் என்றும் சொன்னார்கள். புதிய சிறுநீரகம் அந்த நீரை வெளியேற்றிவிடும். ஆனால் உணவுக் கட்டுப்பாடு தளர்ந்து, ஸ்டீராய்டால் பசியும் கூடி, எடை ஏறும்போது மூச்சுத்தடை வேறு வழியாகத் திரும்பி வருகிறது. அவருக்கும் முகமும் கழுத்தும் பருத்திருந்தன. இதில் நாங்கள் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. மாற்றுச் சிறுநீரகத்தை அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு அருகில் வைக்கிறார்கள். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒருக்களித்துப் படுத்தால் அம்மா கொடுத்தது நசுங்கிவிடுமோ என்ற பயத்தில், தையல் பிரித்த பிறகும்கூட அவர் மல்லாந்தே படுத்தார். இடுப்புக்கு இரண்டு பக்கமும் தலையணை அண்டை கொடுத்து, இரவு முழுவதும் திரும்பாமல் பார்த்துக்கொண்டவள் நானே. மல்லாந்து படுக்கும்போதுதான் நாக்கும் தொண்டைச் சதையும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதை அதிகம் அடைபடும். புண் ஆறிய பிறகு எந்தப் பக்கம் படுத்தாலும் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது என்று மருத்துவர் சொன்னபோது, இந்த ஒரு வாக்கியத்தை வீட்டுக்கு அனுப்பும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

தூக்கப் பரிசோதனைக்கு ஓர் இரவு ஆய்வகத்தில் தங்க வேண்டியிருந்தது. தலையில் பசை வைத்து ஒட்டிய கம்பிகள், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், மூக்கின் கீழ் ஒரு குழாய், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப். டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இருக்கும் கையில் எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது என்பதை நான் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். 9 மணி மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்று கணக்கிடுகிறார்கள். 5க்குக் கீழே இயல்பு. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் தீவிரம். அவருக்குத் தீவிரம் என்று வந்தது.

சிகிச்சை, சிபாப் என்ற கருவி. சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981இல் அறிமுகப்படுத்தியது. மூக்கின் மேல் பொருத்தும் முகமூடி வழியாகக் காற்றை ஒரே அழுத்தத்தில் செலுத்தி, தொண்டை அடைபடாமல் திறந்து வைக்கிறது. விலை பல பத்தாயிரம் ரூபாய். மாற்று அறுவை சிகிச்சைக்கே கடன் வாங்கிய குடும்பத்துக்கு அது எத்தகைய சுமை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. முதலில் சில வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்து, பிறகு வாங்கினோம். தொடக்கத்தில் முகமூடியைத் தூக்கத்திலேயே கழற்றி எறிந்தார். பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது மாட்டிப் பழகிய பிறகு ஏற்றுக்கொண்டார். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர் என்பதால் முகமூடியை நாள்தோறும் மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துகிறேன். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றி, காலையில் மிச்சத்தைக் கொட்டிவிடுகிறேன். மின்தடை இரவுகளுக்காக இன்வெர்ட்டரில் தனி இணைப்புக் கொடுத்திருக்கிறோம்.

சில வாரங்களில் அவர் மதியம் முழுவதும் விழித்திருக்கத் தொடங்கினார். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்திருப்பதும் குறைந்தது. மூச்சு அடைபடும்போது இதயத்தில் சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரைக் கூட்டும் என்பதால், குடித்த தண்ணீரால் என்று நாங்கள் நினைத்திருந்ததில் ஒரு பகுதி மூச்சுத்தடையால் வந்ததாம். மூச்சுத்தடை இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். உயர் இரத்த அழுத்தம் மாற்றுச் சிறுநீரகத்துக்கு நல்லதில்லை என்பது இதைப் பெற்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும்.

1954இல் பாஸ்டனில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தபோதும், 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தபோதும், நோயாளி உயிர் பிழைப்பாரா, சிறுநீரகம் நிலைக்குமா என்பவையே கேள்விகளாக இருந்திருக்கும். இன்று நல்ல நிலையில் உள்ள மாற்றுச் சிறுநீரகம் பத்தாண்டுகளுக்கு மேலும் உழைக்கிறது. அந்த ஆண்டுகள் எப்படிக் கழிகின்றன என்பதையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆய்வாளர்கள் வாழ்க்கைத் தரத்தை அளக்கப் பயன்படுத்தும் சிறுநீரக நோயாளிகளுக்கான கேள்வித்தாள்களில் தூக்கம் ஒரு தனிப் பகுதியாகவே இருக்கிறது. கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில், ஒருவருக்குச் சில நிமிடம் கிடைக்கும் இடத்தில், அந்தக் கேள்வி எழுவதில்லை. மருத்துவர்களைக் குறை சொல்லவில்லை, நாம்தான் எழுப்ப வேண்டும். அவர் தூங்கி விழுந்த மாதங்களில் நான் இருசக்கர வாகனத்தின் சாவியை எடுத்து ஒளித்துவைத்தேன், அதனால் எங்களுக்குள் வந்த சண்டைகள் கொஞ்சமல்ல. வேலையிலும் எச்சரிக்கைக் கடிதம் வரை போனது. இவை எந்தப் பரிசோதனை முடிவிலும் அச்சாகி வராது.

இதைப் படிப்பவர்கள் தாங்களாகச் செய்யக் கூடாதவை சில உண்டு. தூக்க மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். சில வகைகள் மூச்சுத்தடையை இன்னும் மோசமாக்கும். அமுக்கரா சூரணம் முதலான நாட்டு மருந்துகளை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும் என்பதால் பம்பளிமாஸ் பழத்தைத் தவிர்க்கச் சொல்வார்கள். தூக்கம் வருகிறதென்று எந்த மாத்திரையையும் நிறுத்தவோ நேரத்தை மாற்றவோ கூடாது. நாட்பட்ட தூக்கம் வேறு, திடீரென்று வருவது வேறு: காய்ச்சல், குழப்பமான பேச்சு, கடும் நடுக்கம், சிறுநீர் குறைதல் இவற்றோடு சேர்ந்து தூக்கம் வந்தால் அது கிருமித் தொற்றாகவோ மருந்தின் அளவு ஏறியதாகவோ இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போதும் மதிய உணவுக்குப் பிறகு சிறிது நேரம் கண் அயர்கிறார். வெயில் காலத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான் என்பதால் அதை நாங்கள் பொருட்படுத்துவதில்லை. மாலை நடையும், அரிசியைக் குறைத்ததும் சேர்ந்து எடை மெல்ல இறங்கி வருகிறது. இன்னும் சில கிலோ குறைந்தால் கருவியின் அழுத்தத்தைக் குறைக்க முடியுமா, மறுபடியும் ஒரு தூக்கப் பரிசோதனை தேவைப்படுமா என்ற இரண்டு கேள்விகளையும், புதிதாக நிரப்பிய எப்வொர்த் தாள்கள் இரண்டையும், அடுத்த பரிசோதனைக்கான கோப்பில் கிரியாட்டினின் முடிவுக்கு மேலே வைத்திருக்கிறேன்.